தேய்ந்த காசுகள்

நாணயம் சேகரிப்பவர்களிடையே ஒரு தர வரிசை உண்டு. அச்சிலிருந்து விழுந்த கோலத்திலேயே, கைபடாமல், விளிம்பு மழுங்காமல் இருக்கும் காசு முதல் தரம். கைமாறிக் கைமாறி எழுத்துப் போனது கடைசித் தரம். என் பெட்டியில் உள்ள நாற்பது சொச்சம் காசுகளில் பெரும்பாலானவை இந்தக் கடைசித் தரத்தவை. தங்கம் ஒன்றுகூட இல்லை. சங்கரன்கோவிலிலும் சுற்றுவட்டாரத்திலும் பாத்திரக் கடைகளுக்குப் பழைய செம்பு என்று எடைக்கு வந்து, உலைக்குப் போவதற்கு முன் என் கைக்கு வந்தவை. இவற்றை நான் விரும்புவதற்குக் காரணம் வறுமை மட்டும் அல்ல. அந்தத் தர வரிசை சரித்திரத்தைத் தலைகீழாகப் படிக்கிறது என்பது என் அபிப்பிராயம். காசு புழங்குவதற்காகச் செய்யப்பட்டது. புழங்காத காசு, யாரும் வாசிக்காத கவிதையைப் போல, தன் காரியத்தைச் செய்யாமலே தப்பித்துக்கொண்டது.

இந்த ஊருக்குக் கிழக்கே தூத்துக்குடித் துறை. மேற்கே செங்கோட்டைக் கணவாய். கடல் வழியாக வந்த காசும் மலை வழியாக வந்த காசும் இந்தக் கரிசல் மண்ணில் கலந்தன. திருநெல்வேலிக் காசுகளைப் பற்றியே தனியாக ஒரு சிறு நூலை லோவெந்தால் என்ற பாதிரியார் 1888இல் வெளியிட்டார். அவர் இருந்ததோ வேலூரில். ஒரு ஜில்லாவின் செப்புக் காசுகளுக்கு மட்டும் ஒரு புத்தகம் தேவைப்பட்டது என்றால் இங்கே எத்தனை பேர் ஆண்டார்கள், எத்தனை பேர் ஆள்வதாகச் சொல்லிக்கொண்டார்கள் என்று யூகித்துக்கொள்ளலாம்.

எனக்குப் பிடித்தவற்றில் முதலாவது ராஜராஜ சோழனின் செப்புக் காசு. ஒரு பக்கம் நிற்கும் மனிதன், மறுபக்கம் அமர்ந்த மனிதன். மனிதன் என்று சொல்வதே ஒரு சம்மதத்தின் பேரில்தான். நாலைந்து கோடுகள், சில புள்ளிகள். தஞ்சையின் வெண்கலச் சிற்பங்களைச் செய்வித்த அதே காலம் இந்த உருவத்தையும் செய்தது. இதை அழகின் வீழ்ச்சி என்று எழுதியவர்கள் உண்டு. எனக்கு அப்படிப் படவில்லை. சுண்டுவிரல் நகத்தளவு இடத்தில் உடம்பு எதுவரை குறையலாம், எதற்குமேல் குறையக்கூடாது என்று அச்சு வெட்டியவனுக்குத் தெரிந்திருக்கிறது.

கவனிக்க வேண்டியது எழுத்து. பெரிய கோயில் சுவர்களில் ஆடு, விளக்கு, நெய்க் கணக்கு வரை தமிழில் வெட்டிவைத்த அரசன், சந்தையில் கைமாறும் காசில் தன் பெயரை நாகரியில் பொறித்தான். காசைக் கையில் வாங்கியவனில் எத்தனை பேர் அதைப் படித்திருப்பார்கள்? படிக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பே அதில் இல்லை. சங்க காலத்துப் பாண்டியனோ தன் பெயரைத் தமிழிலேயே எழுதினான். ‘பெருவழுதி’ என்று தமிழ் பிராமியில் பொறித்த காசை இரா. கிருஷ்ணமூர்த்தி 1980களில் கண்டு வெளியிட்ட பிறகு அது சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெரிந்தது. நாம் அதைக் கொண்டாடினோம். இடையில் எழுத்து ஏன் மாறியது என்று கேட்பதில் நமக்கு அந்த அளவு உற்சாகம் இல்லை. கொண்டாட்டமும் சரித்திரப் பிரக்ஞையும் ஒன்றல்ல.

சோழர் ஆட்சி 1070இல் இலங்கையை விட்டு அகன்றது. அவர்களைத் துரத்திய விஜயபாகுவும், பின்னால் பராக்கிரமபாகுவும், அரசி லீலாவதியும் இதே நிற்கும் மனிதனையே தங்கள் காசுகளில் அடித்தார்கள். வென்றவன் போய்விட்டான், அவன் வடிவம் தோற்றவர்களிடம் தங்கிவிட்டது. அதனால்தான் வெள்ளைக்காரச் சேகரிப்பாளர்கள் இந்த உருவத்துக்குச் ‘சிலோன் மனிதன்’ என்றே பெயர் வைத்தார்கள். யாருடையது என்ற கேள்விக்கு இந்த மனிதன் பதில் சொல்வதில்லை.

இரண்டாவது, ‘சோணாடு கொண்டான்’ என்று தமிழில் எழுதிய பாண்டியர் காசு. 1216இல் பட்டத்துக்கு வந்த முதலாம் மாறவர்மன் சுந்தரபாண்டியனுடையதாகக் கொள்ளப்படுகிறது. தஞ்சையையும் உறையூரையும் எரித்தவன். பிறகு சோழ நாட்டைச் சோழனுக்கே திருப்பிக் கொடுத்தான் என்பதும் அவன் கல்வெட்டுகளில் பெருமையாகவே வருகிறது. என்னிடமுள்ள காசில் கொண்டது மட்டும்தான் இருக்கிறது. அதிலும் ‘கொண்டான்’ என்பதில் பாதி தேய்ந்துவிட்டது. எண்ணூறு வருஷத்தில் மீன்காரியும் வெற்றிலைக்காரனும் அந்தப் பெருமிதத்தைக் கட்டைவிரலால் அழித்திருக்கிறார்கள். இதைவிடச் சரியான விமர்சனத்தை நான் எங்கும் படித்ததில்லை.

அடுத்தது ஒரு வெற்றிடம். சங்கரன்கோவிலுக்குப் பக்கத்து நெற்கட்டும்செவலில் இருந்த பூலித்தேவர் 1755இல் ஆற்காட்டு நவாபுக்கும் அவருக்குத் துணைவந்த கம்பெனிப் படைக்கும் கப்பம் கட்ட மறுத்தார். 1761இல் யூசுப்கான் அவர் கோட்டைகளைப் பிடித்தான். இந்தக் கோயிலுக்குள் நுழைந்து மறைந்துபோனார் என்று ஊர் சொல்கிறது. என் பெட்டியில் ‘வாலாஜா’ என்று பாரசீகத்தில் எழுதிய நவாபின் செப்புக் காசு இருக்கிறது. பூலித்தேவர் பெயரில் ஒன்றும் இல்லை. காசு எப்போதும் வசூலித்தவன் பக்கம். மறுத்தவனுக்குக் கிடைப்பது கதைப்பாடல். காசுகளைக் கொண்டு மட்டும் சரித்திரம் எழுதுகிறவர்கள் இதை மறக்கக்கூடாது.

கடல் வழி வந்தவற்றில் டச்சுக் கம்பெனியின் செப்புக் காசு ஒன்று. ஒன்றின்மேல் ஒன்றாகப் பின்னிய வி, ஓ, சி என்ற மூன்று எழுத்துகள். மறுபக்கம் கிரீடம் வைத்த கேடயம். டச்சுக்காரர்கள் 1658இல் போர்த்துக்கீசியரிடமிருந்து தூத்துக்குடியைப் பிடித்தார்கள். இந்தக் காசை அவர்கள் மொழியில் சொன்ன வார்த்தையிலிருந்துதான் நம் ‘துட்டு’ வந்தது. துட்டு இல்லை என்று சொல்லும்போது ஒரு டச்சு வார்த்தையில் நம் வறுமையைச் சொல்கிறோம். அந்தக் கம்பெனி 1799இல் ஒழிந்தது. நூறு வருஷம் கழித்து, 1906இல், அதே துறையில் வெள்ளைக்காரனுக்கு எதிராகச் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கிய மனிதரின் பெயருக்கும் ஆங்கிலத்தில் அதே மூன்று முதலெழுத்துகள். இது தற்செயல்தான். அர்த்தம் எதுவும் கற்பிக்க வேண்டியதில்லை. ஆனால் காசைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் அது என் ஞாபகத்துக்கு வருகிறது.

நான் அதிகம் எடுத்துப் பார்ப்பது கிழக்கிந்தியக் கம்பெனியின் 1803ஆம் வருஷத்து இருபது காசு. பர்மிங்ஹாமில் சோஹோ ஆலையில் நீராவி இயந்திரத்தில் அடித்துக் கப்பலில் அனுப்பியது. ஒரு பக்கம் சிங்கங்கள் தாங்கும் கம்பெனி முத்திரை. மறுபக்கம் இருபது காசு நான்கு ஃபலூஸுக்குச் சமம் என்ற பொருளில் பாரசீகம், கீழே ஆங்கிலம். காசு என்ற தமிழ்ச் சொல்தான் போர்த்துக்கீசியர் வாய்வழி போய் அங்கே ‘கேஷ்’ என்று திரும்பி வந்திருக்கிறது. (ரொக்கத்துக்கு அவர்கள் சொல்லும் ‘கேஷ்’ வேறு; அது பெட்டி என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து வந்தது.) சொல் நம்முடையது, எழுத்து எதுவும் நம்முடையது அல்ல. புளியும் உப்பும் வாங்கியவர்கள் கனத்தையும் அகலத்தையும் வைத்து அடையாளம் கண்டிருப்பார்கள்.

இதே வகைக் காசுகளை, 1808 என்று வருஷம் பொறித்தவற்றை, டன் கணக்கில் ஏற்றிக்கொண்டு சென்னைக்குப் புறப்பட்ட ‘அட்மிரல் கார்ட்னர்’ என்ற கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையைத் தாண்டுவதற்குள்ளேயே குட்வின் மணல்திட்டில் மூழ்கியது. 1980களில் லட்சக்கணக்கில் வெளியே எடுத்தார்கள். அவற்றில் பல நேற்று அடித்தது போல் இருக்கின்றன. ஏலங்களில் முதல் தரம் என்று போகின்றன. வந்து சேர்ந்தவை வழுக்கையாகிவிட்டன, வராதவை பளபளக்கின்றன. பளபளப்புக்குப் பின்னால் இருப்பது மணலும் இருட்டும் மட்டுமே. என்னுடையதன் மழுங்கலுக்குப் பின்னால் இருப்பது கைகள்.

மேற்கிலிருந்து வந்தது திருவிதாங்கூர்ச் சக்கரம். செங்கோட்டை 1956 நவம்பர் 1இல்தான் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. சமஸ்தானம் தனிக் காசு அடித்த காலத்தில் அங்கே போகிற வியாபாரிக்குப் பதினாறணாக் கணக்கு செல்லாது. பதினாறு காசு ஒரு சக்கரம், நாலு சக்கரம் ஒரு பணம், பிரிட்டிஷ் ரூபாய்க்கு இருபத்தெட்டரைச் சக்கரம். மிளகைத் தட்டையாக்கியது போன்ற அந்த வெள்ளிச் சக்கரங்களை எண்ணக் குழிகள் போட்ட பலகை வைத்திருந்தார்கள். அள்ளிப் போட்டுக் குலுக்கினால் குழிக்கு ஒன்றாக உட்கார்ந்துகொள்ளும். காசை எண்ணுவதற்குக் கணக்குத் தெரிய வேண்டியதில்லை.

கடைசியாக ஓட்டைக் காலணா. 1943இலிருந்து 1947வரை, யுத்தத்தில் உலோகம் மிச்சப்படுத்துவதற்காக நடுவில் துளையிட்டு அடித்தது. 1957 ஏப்ரல் 1இல் நயா பைசா வந்தபின் இது செலாவணியிலிருந்து போய், வசைச்சொல்லாக நிலைத்தது.

2016 நவம்பர் 8 இரவு ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்று அறிவித்தார்கள். விசைத்தறிக் கூலியில் வாழும் இந்த ஊருக்கு அது என்ன என்று விளக்க வேண்டியதில்லை. செப்புக் காசு செல்லாமல் போனாலும் செம்பு. உருக்கினால் ஒரு குடம். காகிதத்துக்கு ஆள்பவனின் வாக்கைத் தவிர வேறு உடம்பு கிடையாது.

ஆனால் உருக்குவதும் ஒரு அழிவுதான். பூமிக்கடியில் கிடைக்கும் பொருள் பத்து ரூபாய் மதிப்புக்கு மேல் இருந்தால் சர்க்காருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878ஆம் வருஷத்துப் புதையல் சட்டம். உழும்போது ஒரு கலயம் அகப்பட்டவன் பயந்து, பேசாமல் எடைக்குப் போட்டுவிடுகிறான். தங்கமென்றால் செய்தியாகிறது, மியூசியத்துக்குப் போகிறது. செம்பு, எங்கே எதனோடு கிடந்தது என்ற தகவலோடு சேர்ந்து உலையில் மறைகிறது. அரசர்களின் சரித்திரம் இதனால் பெரிதாக எதையும் இழக்காது. அவர்களுக்குக் கல்லும் செப்பேடும் இருக்கின்றன. இழப்பு, கல்வெட்டில் இடம்பெறாமல் காசைத் தேய்த்தவர்களுடையது. அவர்கள் விட்டுப்போன கையெழுத்து இந்தத் தேய்மானம் ஒன்றுதான்.