பிரிபடாத வீடும் பங்காளியின் உரிமையும்

ஒரு வீட்டைப் பலர் சேர்ந்து உடைமையாகக் கொண்டிருக்கும் நிலையை ஃபிக்ஹு நூல்கள் ‘ஷிர்கத்துல் மில்க்’ என அழைக்கின்றன. எந்த அறை எவருடையது என்று சுட்ட இயலாதபடி கலந்து கிடக்கும் பங்குக்கு ‘முஷாஉ’ என்று பெயர். கூட்டாக விலைக்கு வாங்கினாலும், வாரிசாக வந்தாலும் இந்நிலை ஏற்படும். இந்துச் சட்டத்தின் கூட்டுக் குடும்பம் போன்ற ஒன்று ஷரீஅத்தில் இல்லை. ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தாலும் ஒவ்வொருவர் பங்கும் அவரவருக்கே உரியது.

புதுக்கோட்டை மாவட்டத்தில் இதன் வரலாறு இரு கிளையாக ஓடியிருக்கிறது. கோட்டைப்பட்டினம் முதலான கடற்கரை ஊர்கள் பிரிட்டிஷ் ஆட்சிக்கு உட்பட்டிருந்தன. உள்நாட்டுப் பகுதியோ தொண்டைமான்களின் சமஸ்தானம். அது 3-3-1948 அன்றுதான் சென்னை மாகாணத்துடன் இணைந்தது. இரண்டும் ஒரே மாவட்டமானது 1974இல். கடற்கரையில் ஷாஃபிஈ மத்ஹபும் உள்நாட்டில் ஹனஃபி மத்ஹபும் பெரிதும் வழக்கில் இருப்பதை வாசகர்கள் அறிவார்கள்.

இவ்வேறுபாடு வீட்டுக்குள்ளும் நுழைகிறது. பிரிக்கத்தக்க சொத்தில் பிரிபடாத பங்கை ஹிபா செய்தால் ஷாஃபிஈ மத்ஹபில் அது செல்லும். ஹனஃபி மத்ஹபிலோ பங்கைப் பிரித்துக் கையில் ஒப்படைத்தாக வேண்டும். பிரித்தால் பயன் கெட்டுவிடும் சிறு வீட்டுக்கு மட்டும் அம்மத்ஹபு விலக்களிக்கிறது. நம் ஊர்களின் ஓட்டு வீடுகளை எண்ணிப் பார்த்தால் இவ்விலக்கின் அருமை புரியும்.

பங்காளி தன் பங்கை வெளியாருக்கு விற்றால் அதே விலைக்கு அதனைத் தாமே எடுத்துக்கொள்ளும் உரிமை மற்றவருக்கு உண்டு. இதுவே ‘ஷுஃப்ஆ’. பிரிக்கப்படாத சொத்தில் நபி (ஸல்) அவர்கள் இவ்வாறு தீர்ப்பளித்ததை ஜாபிர் (ரலி) அறிவிக்க, புகாரியில் காண்கிறோம். பங்காளியோடு அண்டை வீட்டாருக்கும் ஹனஃபிகள் இவ்வுரிமையை வழங்கினர். ஷாஃபிஈகள் பங்காளியோடு நிறுத்திக்கொண்டனர். வட இந்தியாவில் நீதிபதி சையிது மஹ்மூத் 1885இல் இதனை விரிவாக ஆராய்ந்து நிலைநாட்டினார். ஆனால் சென்னை உயர் நீதிமன்றம் 1870இலேயே, விற்பவரின் சுதந்திரத்தைத் தடுப்பது நீதிக்கும் நியாயத்துக்கும் ஒவ்வாது என்று கூறி ஷுஃப்ஆவை ஏற்க மறுத்துவிட்டது. பங்காளிக்குரிய அளவிலேனும் அதனை ஏற்றிருக்கலாம் என்பது நம் கருத்து. 1962இல் உச்ச நீதிமன்றம் அண்டை வீட்டார் உரிமையை நீக்கியபோதும் பங்காளியின் உரிமையைச் செல்லத்தக்கதென்றே கூறியது. 1893ஆம் ஆண்டுப் பாகப்பிரிவினைச் சட்டத்தின் 4ஆம் பிரிவும் இதற்கு நெருங்கியதே: குடும்ப வீட்டில் பங்கு வாங்கிய வெளியார் பாகம் கேட்டு வழக்கிட்டால், குடும்பத்தார் அப்பங்கை நீதிமன்ற மதிப்பீட்டில் வாங்கிக்கொள்ளலாம்.

பெண்களுக்கு வாரிசுரிமை மறுத்த வழக்காறுகளை 1937ஆம் ஆண்டு ஷரீஅத் சட்டம் அகற்றியது. எனினும் விளைநிலத்தை அது விட்டுவிட்டது. சமஸ்தானத்துக்கும் அது செல்லாது. விளைநிலத்தையும் சேர்த்த சென்னை மாகாணத் திருத்தம் 1949இல் வந்தது.

இவ்வளவுக்குப் பின்னும் மஸ்அலாக்கள் ஓயவில்லை. வளைகுடாவில் உழைத்த அண்ணன் தம்பி இருவர் சரிபாதிப் பணமிட்டு ஒரு வீடு வாங்கினர். ஊரில் இருந்தவர் அண்ணன் என்பதால் பத்திரம் அவர் பெயரில் மட்டும் பதிவாயிற்று. பெற்றோர் முன்பே இறந்துவிட்டனர். பின்னர் தம்பி மவ்த்தானார். மனைவி, ஒரு மகன், ஒரு மகள் உள்ளனர். வீட்டை 48 பங்காக்கினால் அண்ணனுக்கு 24, விதவைக்கு 3, மகனுக்கு 14, மகளுக்கு 7. மகன் இருப்பதால் தம்பியின் பாதியில் அண்ணனுக்கு எதுவும் இல்லை. நாம் இவ்வாறு எழுதிக் கொடுத்தோம்.

நீதிமன்றத்திலோ நிலைமை வேறு. பிறர் பெயரில் வாங்கிய சொத்தைத் தமதெனக் கோரி வழக்கிடுவதை 1988ஆம் ஆண்டுப் பினாமிச் சட்டம் தடுக்கிறது. 2016ஆம் ஆண்டுத் திருத்தம் சகோதரர் பெயரில் வாங்கியதற்கு விலக்களித்தாலும், இருவரும் கூட்டு உரிமையாளர்களாக ஏதேனும் ஓர் ஆவணத்தில் இடம்பெற்றிருக்க வேண்டும் என்கிறது. பத்திரத்திலேயே இரு பெயர்களும் இருந்திருந்தால், 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 45ஆம் பிரிவின்படி அவரவர் கொடுத்த தொகையின் அளவுக்குப் பங்கு கிடைத்திருக்கும். அந்த விதவை நம்மிடம் கொண்டு வந்தது வங்கி அனுப்பிய பழைய ரசீதுகள் சிலவற்றை மட்டுமே. அண்ணன் அவற்றை மறுக்கவில்லை. பெயர் சேர்க்க இன்னும் வரவுமில்லை.