துப்பாக்கி செய்தவர்களின் குரல்: பாரிஸ் ஆயுதப் பட்டறைகள், 1793 – 1795

பாரிஸில் வாழும் நம்மவர்களில் பலர் லுக்சம்பூர்க் பூங்காவுக்குப் போயிருப்பார்கள். 1793 இன் பிற்பகுதியில் அங்கே கொல்லுலைகள் எரிந்தன. இன்வலிட் மாளிகையின் முன்றலிலும் உலைகள் எரிந்தன. செய்ன் ஆற்றில் நிறுத்தப்பட்ட படகுகளில் துப்பாக்கிக் குழல்கள் துளையிடப்பட்டன. பிரெஞ்சுப் புரட்சி பற்றிப் பேசும்போது நாம் பஸ்தீய் சிறையையும் கில்லட்டினையும் நினைவுகூர்கிறோம். இந்தப் பட்டறைகளை நினைப்பது அரிது. ஆனால் புரட்சிக்கும் அதன் உழைப்பாளருக்கும் இடையிலான உறவு எப்படி முறிந்தது என்பதை அறிய இவற்றைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

1793 கோடையில் குடியரசு ஒரே நேரத்தில் ஆஸ்திரியா, பிரஷ்யா, பிரித்தானியா, ஸ்பெயின், ஒல்லாந்து ஆகியவற்றுடன் யுத்தத்தில் இருந்தது. உள்ளே வொந்தேயிலும் லியோனிலும் கிளர்ச்சி. பழைய ஆயுதத் தொழிற்சாலைகளான ஷார்ல்வீலும் மோபேஜும் வடக்கு எல்லையருகே இருந்தன. மோபேஜ் ஆஸ்திரியப் படைகளால் முற்றுகையிடப்பட்டு, ஒக்டோபரில் வத்தினீச் சமரின் பின்னரே மீண்டது. சென்ரெத்தியென் லியோன் கிளர்ச்சியாளரின் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. எனவே தலைநகரே ஆயுதத் தொழிற்சாலையாக வேண்டியதாயிற்று.

ஓகஸ்ட் 23 ஆணை நாட்டு மக்கள் அனைவரையும் யுத்தத்துக்கு அழைத்தது. இளைஞர் களத்துக்கு, மணமான ஆண்கள் ஆயுதம் செய்ய, பெண்கள் கூடாரமும் உடையும் தைக்க, சிறுவர் பழந்துணியைக் காயக்கட்டுக்குப் பிரிக்க என்று அது வேலையைப் பகிர்ந்தது. பொதுச் சதுக்கங்கள் ஆயுதப் பட்டறைகளாக வேண்டும் என்பதும் அதில் இருந்தது. அதை நடைமுறைப்படுத்தியவர்கள் பொதுநலக் குழுவில் அம்மாதமே சேர்ந்த கார்னோவும் பிரியேரும். இருவரும் இராணுவப் பொறியியலாளர்கள்.

இலக்கு நாளொன்றுக்கு 1000 துப்பாக்கிகள். பறிமுதல் செய்யப்பட்ட மடாலயங்கள் பட்டறைகளாயின. கடிகாரம் செய்பவர், பூட்டுத் தொழிலாளர், தச்சர் எல்லோரும் திரட்டப்பட்டனர். குழல் ஓரிடம், விசைப்பொறி ஓரிடம், மரக்கட்டை ஓரிடம் என வேலை பிரிந்தது. மொஞ்ச், பெர்த்தொலே, வாந்தர்மோந்த் ஆகிய அறிஞர்கள் இரும்புத் தொழிலாளருக்காக உருக்கு செய்யும் முறை பற்றிக் கைந்நூல் எழுதினர். சுமார் 5000 பேர் அரசின் நேரடித் தொழிலாளரானார்கள். 1000 என்ற இலக்கைத் தொடர்ச்சியாக எட்ட முடியவில்லை. ஆனாலும் அனுபவமே இல்லாத நகரமொன்று சில மாதங்களில் பெரும் ஆயுத உற்பத்தி மையமானது சாதாரண விடயமல்ல.

இந்தச் சாதனைக்கு இன்னொரு பக்கம் உண்டு. தொழிலாளர் கூட்டுச் சேர்வதை 1791 ஜூனில் வந்த லுஷப்பலியே சட்டம் ஏற்கெனவே தடைசெய்திருந்தது. 1793 செப்டெம்பர் 29 இன் உச்சவரம்புச் சட்டம் விலைகளை 1790 இன் மட்டத்துக்கு மேல் மூன்றிலொரு பங்காகவும், கூலியை அரைப்பங்காகவும் கட்டுப்படுத்தியது. விலைக் கட்டுப்பாடு ஏழைகள் கேட்டுப் பெற்றது; கூலிக் கட்டுப்பாடு அதனோடு சேர்ந்து வந்தது. டிசெம்பரில் பொதுநலக் குழு பட்டறைகளுக்கான விதிகளை வெளியிட்டது. ஒன்றுகூடல் தடை. ஒரு பட்டறையின் தொழிலாளர் மற்றப் பட்டறையுடன் தொடர்புகொள்வதானால் நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். கூலி கேட்டு வேலையை நிறுத்தியவன் எதிரிக்குத் துணைபோகிறவனாகப் பார்க்கப்பட்டான்.

1794 ஜூலை 23 அன்று பாரிஸ் நகரசபை புதிய கூலி அட்டவணையை வெளியிட்டது. அதன்படி பலருடைய கூலி கணிசமாகக் குறையும். நான்கு நாட்களின் பின் றொபெஸ்பியர் வீழ்த்தப்பட்டார். தன்னைக் காப்பாற்ற நகரசபை மக்களை அழைத்தபோது போதிய மக்கள் வரவில்லை. தண்டிக்கப்பட்டவர்கள் வண்டியில் கொண்டுசெல்லப்படுகையில் கூலி உச்சவரம்பைச் சபிக்கும் குரல்கள் கேட்டன.

அந்தக் குரல்களுக்கு உரியவர்கள் வெல்லவில்லை. புதிய ஆட்சி 1794 டிசெம்பரில் பட்டறைகளைத் தனியார் கைக்கு மாற்ற முனைந்தது. தொழிலாளர் எதிர்த்தும் பயனில்லை. டிசெம்பர் 24 இல் உச்சவரம்பு நீக்கப்பட்டது. பாண் விலை ஏறியது. குளிர்காலம் பசியில் கழிந்தது. 1795 மே மாதம் பாணும் 1793 இன் அரசியலமைப்பும் கேட்டு மக்கள் எழுந்தார்கள். மே 23 அன்று சென்அந்துவான் புறநகர் படைகளால் சுற்றிவளைக்கப்பட்டு, தன் பீரங்கிகளைக் கையளித்தது. துப்பாக்கி செய்த நகரத்தின் உழைப்பாளர் ஆயுதம் களையப்பட்டார்கள்.

வரலாற்றாசிரியர்கள் இதைப் பற்றி ஒத்த கருத்தில் இல்லை. டானியல் கெரன் இதில் முதலாளி வர்க்கத்துக்கும் வெறுங்கை உழைப்பாளருக்கும் இடையிலான மோதலைக் கண்டார். அல்பேர் சொபூல் அதை மறுத்தார். சான்கூலொத்துக்கள் தனியொரு வர்க்கமல்ல, சிறு பட்டறை உடைமையாளரும் கூலியாளரும் கலந்தவர்கள், யுத்தத்தின் தேவையே அரசின் கையைக் கட்டியது என்பது அவருடைய வாதம்.

யுத்தத்தின் தேவை உண்மையானது என்பதை நான் ஏற்கிறேன். துப்பாக்கியின்றி அந்தக் குடியரசு தப்பியிருக்காது. ஆனால் தேவை என்பது கூலியைப் பற்றிய முடிவை விளக்கலாம். வாயை அடைத்ததை அது விளக்காது. பட்டறைக்குள் பேச இடமிருந்திருந்தால், கூலி அட்டவணையின் ஆபத்து ஜூலைக்கு முன்பே பொதுநலக் குழுவின் காதில் விழுந்திருக்கும். குரலை அடக்கிய அரசு தன் செவியையும் இழந்தது. நெருக்கடி நாளில் யார் தன்னுடன் நிற்பார்கள் என்பதே அதற்குத் தெரியாமல் போயிற்று.

முதலில் யுத்தம், உரிமைகள் பிறகு என்று பட்டறைத் தொழிலாளருக்குச் சொல்லப்பட்டது. பிரான்சில் வேலைநிறுத்தம் குற்றமல்ல என்றானது 1864 இல். தொழிற்சங்கங்கள் சட்டபூர்வமானது 1884 இல். பட்டறைகள் மூடி ஏறத்தாழ 90 ஆண்டுகள். பிறகு என்ற சொல்லைக் கேட்டுப் பழகிய நாம், அதன் நீளத்தை இந்தக் கணக்கில் வைத்துப் பார்ப்பது நல்லது.