ஓர் எண் கைமாறிய கதை

தோட்டத்தில் பால் நிறுக்கும் இடத்தை நாம் அனைவரும் அறிவோம். காலையில் வெட்டிய பாலை வாளியில் சுமந்து வந்து வரிசையில் நிற்கிறோம். தராசு நின்றதும் கிராணியார் புத்தகத்தில் ஓர் எண்ணை எழுதுகிறார். 38 என்று வைத்துக்கொள்வோம். அந்த எண் ஆபீசுக்குப் போகிறது. பிறகு சம்பளக் கணக்கில் ஏறுகிறது. கிராணியார் ராத்தலில் எழுதியதை ஆபீசில் இருப்பவர் கிலோ என்று படித்துவிட்டால் என்ன ஆகும்? ராத்தல் போய் கிலோ வந்த காலத்தைப் பார்த்த பெரியவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்டுச் சிரிக்க மாட்டார்கள்.

இன்று நாம் சொல்லப் போவது அப்படிக் கைமாறிய ஓர் எண்ணின் கதைதான். ஆனால் அது நடந்தது அமெரிக்காவில். எழுதியவரும் படித்தவரும் மனிதர்கள் அல்லர். இரண்டு கம்ப்யூட்டர் நிரல்கள்.

நிரல் என்பது கம்ப்யூட்டர் செய்ய வேண்டிய வேலையை வரிசையாகச் சொல்லும் கட்டளைத் தொகுப்பு. ஒரே நிரல் எல்லா வேலையையும் செய்வதில்லை. ஒன்று கணக்கிட்டு விடையைக் கொடுக்கும், மற்றொன்று அதை வாங்கித் தன் கணக்கைத் தொடரும். இந்த ஏற்பாட்டுக்கு நல்ல உருவம் கொடுத்தவர்கள் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் இருந்தவர்கள். அங்கே மாரிஸ் வில்க்ஸ் என்பவரின் தலைமையில் உருவான எட்சாக் என்ற கம்ப்யூட்டர் 1949 மே 6-ஆம் நாள் முதல் கணக்கைப் போட்டது. அடிக்கடி தேவைப்படும் கணக்குகளை ஒவ்வொரு முறையும் புதிதாக எழுதுவானேன் என்று எண்ணி, அவற்றைத் துளையிட்ட காகித நாடாக்களில் துணைநிரல்களாகச் சேர்த்து வைத்தார்கள். 1951-க்குள் அவை 87 ஆகிவிட்டன. பெரிய நிரல் துணைநிரலிடம் வேலையை ஒப்படைத்து, முடிந்ததும் விட்ட இடத்துக்கே திரும்பி வர ஒரு வழியைக் கண்டவர் டேவிட் வீலர் என்ற இளைஞர். எந்த எண்ணை வைத்து வேலை செய்ய வேண்டும் என்பதையும் கூடவே சொல்லி அனுப்ப முடிந்தது.

இதில் ஒரு சங்கடம் உண்டு. கம்ப்யூட்டரின் நினைவில் 38 என்பது வெறும் 38 தான். அது ராத்தலா, கிலோவா, ரிங்கிட்டா என்று அந்த எண் தானாகச் சொல்லாது. கொடுப்பவரும் வாங்குபவரும் முன்கூட்டியே பேசி வைத்திருக்க வேண்டும். தம் வாழ்நாளில் பெரும்பகுதி சொந்த நிரல்களின் பிழைகளைத் தேடுவதிலேயே கழியப் போகிறது என்று அந்த ஆரம்ப நாட்களிலேயே, மாடிப்படியில் ஏறும்போது தமக்கு உறைத்ததாக வில்க்ஸ் பின்னாளில் எழுதினார். பிழை பொல்லாதது, யாரையும் பார்த்து ஒதுங்காது.

இனி செவ்வாய்க் கிரகத்துக்குப் போவோம். அங்குள்ள தட்பவெப்பத்தை ஆராய, நாசா 1998 டிசம்பர் 11-ஆம் நாள் 'மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர்' என்ற ஆளில்லாத விண்கலத்தை அனுப்பியது. கலத்தைச் செய்தது லாக்ஹீட் மார்ட்டின் நிறுவனம். வழி பார்த்துச் செலுத்தியது கலிபோர்னியாவில் உள்ள ஜெட் உந்துகை ஆய்வுக்கூடம்.

கலத்தின் ஒரு பக்கத்தில் மட்டும் சூரிய ஒளிப் பலகை நீட்டிக்கொண்டிருந்தது. வெயில் அதன்மேல் படும்போது உண்டாகும் மிக மெல்லிய அழுத்தம் கலத்தைத் திருப்பப் பார்க்கும். அதை ஈடுகட்ட உள்ளே சக்கரங்கள் சுழலும். அவற்றின் வேகம் எல்லையைத் தொட்டதும் சிறிய உந்துபொறிகளை எரித்து வேகத்தைத் தணிக்க வேண்டும். அப்படி எரிக்கும் ஒவ்வொரு தடவையும் கலம் தன் பாதையிலிருந்து கொஞ்சமே கொஞ்சம் நகரும். எதிர்பார்த்ததைவிட 10 முதல் 14 மடங்கு அதிகமாக இப்படி எரிக்க வேண்டி வந்தது.

ஒவ்வொரு தடவையும் எவ்வளவு உந்துதல் என்பதை நிறுவனத்தின் நிரல் கணக்கிட்டு ஒரு கோப்பில் எழுதியது. ஆய்வுக்கூடத்தின் நிரல் அதைப் படித்துப் பாதையைக் கணித்தது. நியூட்டன்-விநாடி என்ற மெட்ரிக் அளவில் எழுத வேண்டும் என்பது ஒப்பந்தம். எழுதப்பட்டதோ ராத்தல் கணக்கில்! ஒரு ராத்தல் விசை சுமார் 4.45 நியூட்டன். ஆகவே வாங்கிய நிரல் ஒவ்வோர் உந்துதலையும் உண்மையில் இருந்ததைவிட நாலரை மடங்கு குறைவாக எண்ணிக்கொண்டது. நிரல் நிற்கவில்லை, எச்சரிக்கவுமில்லை. எண்ணுக்குப் பதில் எண் வந்தது. அதற்கு அது போதும்.

இந்தப் பிழையைக் காண வாய்ப்பே இல்லாமல் போகவில்லை. முதல் நான்கு மாதங்கள் கோப்பின் வடிவத்திலேயே கோளாறு இருந்ததால் அதைப் பயன்படுத்தவில்லை. 1999 ஏப்ரலில் அது சரியானதும், ஒரு வாரத்துக்குள்ளேயே எண்கள் பொருந்தவில்லை என்று பாதை கணித்தவர்கள் கண்டார்கள். ஆனால் உரிய படிவத்தில் எழுதிக் கொடுக்காமல், மின்னஞ்சலிலும் பேச்சிலும் அந்தச் சந்தேகம் கரைந்தது. அவர்கள் ஒரே சமயத்தில் மூன்று விண்வெளிப் பயணங்களைக் கவனித்துக்கொண்டிருந்தார்கள் என்பதையும் நாம் மறக்கக்கூடாது. ஆள் குறைத்து வேலையைக் கூட்டினால் என்ன நடக்கும் என்பதை உழைக்கும் மக்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

செப்டம்பர் 15-ஆம் நாள் பாதையைக் கடைசியாகத் திருத்தினார்கள். செவ்வாயை நெருங்கும் இடத்தில் உயரம் 226 கிலோமீட்டர் இருக்கும் என்பது திட்டம். அடுத்த ஒரு வாரத்தில் 150 முதல் 170 வரைதான் என்றது கணக்கு. கடைசி நாளில் அது 110 ஆயிற்று. இன்னொரு முறை திருத்தலாமா என்று பேசினார்கள், திருத்தவில்லை. 80 கிலோமீட்டருக்குக் கீழே போனால் கலம் பிழைக்காது.

செப்டம்பர் 23-ஆம் நாள், 286 நாள் பயணத்துக்குப் பின், கலம் பெரிய எஞ்சினை எரித்துக்கொண்டு செவ்வாயின் பின்புறம் மறைந்தது. எதிர்பார்த்ததற்கு 49 விநாடி முன்பே வானொலித் தொடர்பு அறுந்தது. மறுபக்கத்திலிருந்து ஒரு சிறு குரலும் வரவில்லை. பிறகு போட்ட கணக்கில் உயரம் 57 கிலோமீட்டர் என்று தெரிந்தது. இந்தக் கலத்துக்கும், இதோடு சேர்ந்த திட்டத்தில் பின்னால் சென்ற இறங்குகலத்துக்குமாகச் செலவான தொகை 32 கோடியே 76 லட்சம் அமெரிக்க டாலர். அந்த இறங்குகலமும் அதே ஆண்டு டிசம்பர் 3-ஆம் நாள் வேறு காரணத்தால் தொலைந்தது.

விசாரணைக் குழு நவம்பரில் அறிக்கை கொடுத்தது. ராத்தலை மாற்றாமல் விட்டதே மூல காரணம் என்றது. ஆனால் அதோடு நிற்காமல், பிழையைப் பிடிக்க வேண்டிய சோதனைகள் ஏன் நடக்கவில்லை என்றும் கேட்டது. ஒரு நிரலாளரின் தலையில் எல்லாவற்றையும் கட்டிவிட்டுப் போயிருக்கலாம்; அப்படிச் செய்யாததை நாம் பாராட்டுகிறோம்.

இந்தக் கலத்தில் செவ்வாயின் காற்றையும் வெப்பத்தையும் அளக்கும் கருவி ஒன்று இருந்தது. அதே வகைக் கருவி 1993-இல் தொலைந்த இன்னொரு கலத்திலும் இருந்தது. இரண்டு முறை இழந்த பிறகும் விஞ்ஞானிகள் அந்த வேலையை விடவில்லை. அதன் வழியில் செய்த புதிய கருவியோடு மூன்றாவது கலம் 2005 ஆகஸ்டில் புறப்பட்டது. 2006 மார்ச் 10-ஆம் நாள் அது செவ்வாயின் பின்னால் மறைந்து, மறுபக்கத்தில் வெளிவந்து, குரல் கொடுத்தது.