மொழிக்கு அப்பால் ஒரு கருவி: ‘புளூஸ் கேங்’ ஜிம் மாடசாமியும் மலேசியத் தமிழர் இசை வரலாறும்

ஜிம் மாடசாமி மலேசியாவின் ‘புளூஸ் கேங்’ குழுவில் பேஸ் கித்தார் வாசித்தவர். 1970களில் உருவான அக்குழுவில் பாடகர் இத்தோ, கித்தார் கலைஞர் ஜூலியன் மொக்தார், டிரம்ஸ் வாசித்த ஷேக் கரீம் ஆகியோர் அவருடன் இருந்தனர். நெகிரி செம்பிலான் வட்டார மலாயில் அமைந்த ‘ஆப்போ நாக் டிகாத்தோ’ அவர்களுடைய புகழ்பெற்ற பாடல். மலேசியத் தமிழர் இசை வரலாற்றுக்குப் பாடலின் மொழியே அளவுகோல் என்றால் மாடசாமிக்கு அதில் இடமில்லை. அந்த அளவுகோல் போதாது என்பதற்கு அவர் வாசித்த கருவியே சான்று.

பேஸ் கித்தாரில் பொதுவாக நான்கு தந்திகள்; சாதாரணக் கித்தாரைவிட ஒரு ஸ்தாயி தாழ்ந்து ஒலிப்பவை. புளூஸ் இசையின் வழக்கமான சுற்று 12 பார் (தாள அலகு) கொண்டது. முதல் நான்கு பார் ஷட்ஜத்தில் நிற்கும். ஐந்தாவதில் மத்திமத்துக்கு நகர்ந்து ஏழாவதில் திரும்பும். ஒன்பதாவதில் பஞ்சமம், பத்தாவதில் மத்திமம், பிறகு மீண்டும் ஷட்ஜம். கித்தார் எங்கே அலைந்தாலும், பாடகர் வரியை எவ்வளவு இழுத்தாலும், சுற்று எங்கே நிற்கிறது என்பதை பேஸ் ஒலியே காட்டிக்கொடுக்கும். மேலே ஷட்ஜமும் காந்தாரமும் பஞ்சமமும் சேர்ந்து ஒலிக்கையில் பேஸ் தைவதத்துக்கு இறங்கினால் போதும், அதே மூன்று சுரங்களுக்குச் சோகச் சாயல் வந்துவிடும். இதைச் செய்பவரைப் பக்கவாத்தியக்காரர் என்று ஒதுக்குவது சரியன்று. பாட்டு மலாயா தமிழா என்பது இந்த வேலையைத் தொடுவதும் இல்லை.

ஸ்காட்லாந்துக்காரரான ஜேக் புரூஸ் (1943–2014) இங்கே நல்ல ஒப்பீடு. கிளாஸ்கோவில் செல்லோ பயின்ற அவர், 1966 முதல் 1968 வரை ‘கிரீம்’ குழுவில் பேஸ் வாசித்துக்கொண்டே முதன்மைப் பாடகராகவும் விளங்கினார். அவருடைய விரல்களை உலகம் கவனித்ததில் குரலுக்கும் பங்குண்டு. ‘புளூஸ் கேங்’கில் முன்னின்ற குரல் இத்தோவுடையது.

மொழியை அளவுகோலாகக் கொள்வோர் பக்கமும் நியாயம் இருக்கிறது: சிறுபான்மையினரின் பாடலை அவர்களே பதிவு செய்யாவிட்டால் வேறு யார் செய்வார்? ஆயினும் அந்த வடிகட்டியில் குரல்களும்கூடத் தங்குவதில்லை. பினாங்கில் தோன்றிய ‘ஆலிகேட்ஸ்’ குழுவின் டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் சகோதரர்கள் மலாய்ப் பாடல்களால் நாடறிந்தவர்கள். லோகநாதன் 2007இல் மறைந்தார். பாடகர்களுக்கே இந்த நிலை என்றால், குரலும் முன்னிற்காத பேஸ் கலைஞர் இரு முறை விடுபடுகிறார்.

இசைத்தட்டுகளைப் பாடலின் மொழிப்படி மட்டும் அடுக்காமல், வாசித்தவர் பெயரும் கருவியும் கொண்டு பட்டியலிட்டால் இந்த விடுபடல் பெரிதும் குறையும். உறையில் பெயர் அச்சாகாத ஒலிப்பதிவுகளுக்கு, கிள்ளான் பள்ளத்தாக்கின் ஹோட்டல்களிலும் கிளப்புகளிலும் இரவுதோறும் வாசித்த மூத்த கலைஞர்களின் நேர்காணல்களே வழி. அவற்றை இப்போதே ஒலிப்பதிவு செய்ய வேண்டும்.