புரையை நீக்கிய வழி

1953-இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது, சித்தூர் மாவட்டத்தோடு திருத்தணியும் அதற்குள் போனது. 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்துக்கு வந்து சேர்ந்தது. எல்லைக்கோடுதான் இடம் மாறியது. கண்ணில் புரை விழுந்த திருத்தணி முதியவருக்குப் பெரிய புகலிடம் மாறவில்லை: அரக்கோணம் வழியாக ரயிலேறினால் எட்டிவிடும் எழும்பூர் கண்ணாஸ்பத்திரி. கிழக்கிந்தியக் கம்பெனி 1819-இல் சென்னையில் தொடங்கிய அது, லண்டன் மூர்ஃபீல்ட்ஸை அடுத்து உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளில் ஒன்று. அப்படியிருந்தும் இப்பக்கத்துக் கிராமங்களில் புரை அறுவை பெருந்திரளாக நடக்கத் தொடங்கியது 1970-களுக்குப் பிறகுதான். மக்களின் அறியாமையே இதற்குக் காரணம் என்பது வழக்கமான விளக்கம். சிகிச்சை நோயாளியின் வாசலை எட்டாததே முதன்மைக் காரணம் என்பதைத்தான் வரலாறு காட்டுகிறது.

ஆஸ்பத்திரி வந்து ஒரு நூற்றாண்டு ஆன பின்னும், மங்கிய லென்ஸை ஊசியால் கண்ணுக்குள்ளேயே தள்ளிவிடும் பழைய முறை சென்னை மாகாணத்தில் மறையவில்லை. சுசுருத சம்ஹிதையிலேயே இடம்பெற்ற முறை அது. 1904 முதல் 1914 வரை எழும்பூரில் பொறுப்பிலிருந்த ராபர்ட் ஹென்றி எலியட், அப்படி ஊசி போட்ட கண்களை நூற்றுக்கணக்கில் ஆராய்ந்து தனி நூலே எழுதினார். சீழ், கண்ணழுத்தம், முழுக்குருடு என அவர் கண்ட சேதம் பெரிது. இத்தனை கெடுதலுள்ள முறையை ஏன் நாடினார்கள்? நாட்டு வைத்தியர் ஊர்தேடி வந்தார். சில நிமிடத்தில் வெளிச்சம் தெரிந்தது. கண் கெடத் தொடங்கும்போது அவர் அடுத்த ஊரில் இருப்பார். ஆஸ்பத்திரி என்றாலோ பல நாள் படுக்கை, துணைக்கு ஓர் ஆள், போன நாட்களின் கூலி, அதற்குப் பின் தடித்த மூக்குக்கண்ணாடி. நேரில் தெரிந்த ஆதாயத்தைக் கொண்டு மக்கள் எடுத்த முடிவு அது. மூடநம்பிக்கை என்று அதைத் தள்ளிவிட முடியாது.

புரை ஏன் விழுகிறது என்பது எலியட்டுக்கும் தெரியாது. லென்ஸின் நடுப்பகுதியில் உள்ள கிரிஸ்டலின் புரதங்கள் நாம் பிறப்பதற்கு முன்பே உருவானவை. அங்குள்ள செல்கள் உட்கருவை இழந்துவிடுவதால் புதுப் புரதம் வருவதில்லை. புற ஊதாக் கதிரும் ஆக்சிஜனேற்றச் சிதைவும் ஆண்டுக்கணக்கில் அவற்றைக் குலைக்கின்றன. குலைந்தவை ஒன்றோடொன்று ஒட்டித் திரளாமல், கிரிஸ்டலின்களில் ஒரு வகையான ஆல்பா கிரிஸ்டலின் பிடித்துவைக்கிறது என்று ஆய்வாளர் ஜோசப் ஹார்விட்ஸ் 1992-இல் காட்டினார். வயது ஏற ஏற அந்தக் காவல் தீர்ந்துபோகிறது. புரதங்கள் திரள்கின்றன, ஒளி சிதறுகிறது. அதே 1992-இல்தான் மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையின் ஆரோலேப் செயற்கை லென்ஸைத் தயாரிக்கத் தொடங்கியது. வெளிநாட்டு லென்ஸ் ஏழைக்கு எட்டாத விலையில் இருந்த காலம் அது. ஹார்விட்ஸின் கண்டுபிடிப்பால் எந்த முகாமிலும் எவருக்கும் பார்வை வரவில்லை. 1976-இல் 11 படுக்கைகளோடு டாக்டர் கோ. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்தின் கிராம முகாம் முறையும் மலிவான லென்ஸும் லட்சக்கணக்கானோருக்குப் பார்வை தந்தன.

அப்படியானால் மூலக்கூறு ஆய்வு வீணா என்று கேட்கலாம். புரையைப் பொறுத்தவரை அதன் பலன் இன்னும் கைக்கு வரவில்லை: லனோஸ்டெரால் என்ற சேர்மம் புரதத் திரளைக் கரைக்கிறது என்று 2015-இல் எழுந்த நம்பிக்கை, மனிதரிடமிருந்து எடுத்த லென்ஸில் இந்திய மருத்துவர்கள் சோதித்தபோது நிறைவேறவில்லை. லென்ஸை மாற்றலாம், விழித்திரையை மாற்ற முடியாது. வாதம் திரும்பும் இடம் இதுதான். முதுமையில் விழித்திரையின் நடுப்பகுதி சிதைவதில் காம்ப்ளிமென்ட் ஃபேக்டர் ஹெச் மரபணுவுக்குப் பங்குண்டு என 2005-இல் தெரிந்தது. அந்நோயின் ஒரு வகையில் ரத்தக்குழாய்களைத் தாறுமாறாக வளரவைக்கும் வி.இ.ஜி.எஃப் புரதத்தை அடக்கும் ஊசிகளில் ஒன்று, 2006-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அது மூலக்கூறு அறிவு நேரடியாகத் தந்த மருந்து. ஆனால் அந்த ஊசியை ஒருமுறை போட்டு முடிப்பதில்லை. பலருக்குத் திரும்பத் திரும்பப் போட வேண்டும், ஒவ்வொரு முறையும் பயணமும் செலவும் உண்டு. எழும்பூர் போய்வர முடியாததால் நாட்டு வைத்தியரிடம் கண்ணைக் கொடுத்தவர்களின் கணக்கு இங்கே மறுபடி எழுகிறது. விழித்திரைப் பரிசோதனையும் தொடர் ஊசியும் திருத்தணி போன்ற ஊர்களிலேயே கிடைக்கும்வரை, ஆய்வகத்தின் வெற்றி பெருநகரத்தாரின் வெற்றியாகவே நிற்கும்.