எகிப்தியச் சித்திர எழுத்து

பண்டைய எகிப்தியர் கோயில் சுவர்களிலும் கல்லறைகளிலும் சிலைகளிலும் பொறித்த எழுத்துமுறை ஹைரோகிளிஃபிக் எனப்படும் சித்திர எழுத்து. இதன் மிகப் பழைய சான்றுகள், கி.மு. 3200 அளவில், அபிடோஸில் ஒரு கல்லறையில் கிடைத்தன. அவை சரக்குகளில் கட்டித் தொங்கவிடத் துளையிட்ட சிறு எலும்பு, தந்தச் சீட்டுகள். பின்னாளில் தெய்வ எழுத்தாகப் போற்றப்பட்டது, பண்டகசாலைக் கணக்கில் பிறந்திருக்கலாம்.

பார்வைக்குப் படங்களாக இருந்தாலும் இக்குறிகளில் பெரும்பாலானவை ஒலியையே குறிப்பவை. ஆந்தை மகர மெய்க்கு, நீரலை னகர மெய்க்கு உரியது. சில குறிகள் இரண்டு மூன்று மெய்களை ஒருங்கே காட்டும். சொல்லின் இறுதியில் ஒலிப்பில்லாத குறி ஒன்று நின்று பொருள்வகையை உணர்த்தும். நடக்கும் கால்கள் இருந்தால் அது இயக்கம் பற்றிய சொல். உயிரொலிகள் எழுதப்படாததால் பழைய உச்சரிப்பு முழுமையாக மீளவில்லை. வரி வலமிருந்தோ இடமிருந்தோ தொடங்கலாம். உயிரின உருவங்கள் முகம் காட்டும் பக்கமே தொடக்கம்.

கி.மு. 24ஆம் நூற்றாண்டில் சக்காராவில் எழுந்த உனாஸ் மன்னரின் பிரமிடுதான், உள்ளறைச் சுவர்களில் மறுமைக்கான மந்திரங்கள் பொறிக்கப்பட்ட முதல் பிரமிடு. எழுதிய உருவம் உயிர்பெறும் என்று எகிப்தியர் நம்பினர். அதனால், அவை இறந்தவருக்குத் தீங்கு செய்யாதிருக்க, சில புதையறைகளில் சிங்கத்தை இரு துண்டாகவும், மனித உருவை உடல் குறைத்தும் செதுக்கினர். பெயரை அழிப்பது ஆளையே அழிப்பதற்குச் சமம். மன்னர் அக்னாத்தன் ஆமூன் தெய்வத்தின் பெயரைக் கோயில் கோயிலாகச் சுரண்டி எடுக்கச் செய்தார்.

கடிதம், வரி, வழக்கு போன்றவற்றுக்கு இந்த எழுத்து தோதுப்படாது. அவற்றை நாணல் பேனாவால் பாப்பிரஸில் விரைந்தெழுத ஹையரேட்டிக் என்ற வடிவமும், கி.மு. 7ஆம் நூற்றாண்டு முதல் டெமோட்டிக் என்ற வடிவமும் வழங்கின. தாலமி மன்னர் காலத்தில் சித்திர எழுத்து கோயிலுக்குள் ஒடுங்கியது. ஆனால் சில நூறாக இருந்த குறிகளைப் பூசாரிகள் பல ஆயிரமாகப் பெருக்கினர். கற்பவர் குறைய இதுவும் ஒரு காரணம் எனலாம். காலம் அறியக் கிடைத்த கடைசிக் கல்வெட்டு பிலே தீவுக் கோயிலில் கி.பி. 394 ஆகஸ்ட் 24 அன்று பொறிக்கப்பட்டது.

அதன்பின் இந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர் இல்லாமற்போயினர். 1799இல் பிரெஞ்சுப் படையினர் கண்டெடுத்த ரொசெட்டா கல்லில் கி.மு. 196ஆம் ஆண்டு ஆணை ஒன்று சித்திர எழுத்து, டெமோட்டிக், கிரேக்கம் ஆகிய மூன்றிலும் உள்ளது. நீள்வட்டக் கோட்டுக்குள் இருப்பவை அரசர் பெயர்கள் என்ற ஊகத்தின் துணையோடு அறிஞர் தாமஸ் யங் தாலமி மன்னரின் பெயரை ஓரளவு பிரித்தறிந்தார். பழைய எகிப்திய மொழியின் வழித்தோன்றலான காப்டிக்கை நன்கு கற்றிருந்த மற்றோர் அறிஞரான ஷம்போலியோன் அதைத் தாண்டிச் சென்று, 1822இல் வாசிப்புமுறையை அறிவித்தார்.