காற்றுத் தூரிகையும் ஒரு சிவப்புக் கோடும்



இந்த வாரம் ஒரு சின்னக் கருவியின் வரலாறு. பதிவு கொஞ்சம் நீளம்தான். வகுப்பில் கடைசி பெஞ்சில் தூங்கியவர்கள்கூட இதை முடிவு வரை படித்துவிடுங்கள். கடைசியில் நான் சொல்லியாக வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது.

என் மகள் புனேயில் இருப்பது உங்களுக்குத் தெரியும். அங்கே போயிருந்தபோது பேரன் என்னை ஜோஷி மினியேச்சர் ரயில்வே அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனான். பாவ்சாஹேப் ஜோஷி என்பவர் வாழ்நாளெல்லாம் சேர்த்தும் செய்தும் வைத்த குட்டி ரயில்கள் அங்கே ஓடுகின்றன. 1998-இல் திறந்தார்கள். ஊர், மலை, பாலம், சிக்னல், ரயில் எல்லாமே நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு அளவு. திரும்பி வந்ததும் பேரன் கேட்டான்: "ஆயா, உங்க ஊர் பழைய ரயில நாம செய்யலாமா?"

எங்கள் ஊருக்கு ரயில் இல்லை. ரயில் பார்க்க வேண்டும் என்றால் ஆற்றைத் தாண்டி அரகண்டநல்லூரில் இருக்கும் திருக்கோவிலூர் ஸ்டேஷனுக்குத்தான் போக வேண்டும். விழுப்புரத்திலிருந்து காட்பாடி போகும் பாதை அது. அப்போது மீட்டர் கேஜ். தண்டவாளங்களுக்கு இடையே சரியாக 1,000 மில்லிமீட்டர். இப்போது அகலப்பாதை, 1,676 மில்லிமீட்டர். அந்தப் பழைய செங்காவி நிறப் பெட்டியைத்தான் பேரன் கேட்டான்.

அட்டையில் பெட்டி செய்துவிட்டோம். வண்ணம் அடிக்கும்போதுதான் கணக்கு உதைத்தது. நிஜப் பெட்டியில் 2 சென்டிமீட்டர் இருக்கும் ஆணித்தலை, 87-இல் ஒரு பங்கானால் கால் மில்லிமீட்டருக்கும் குறைவு. பிரஷால் ஒரு பூச்சு பூசினால் ஆணி, ஜன்னல் விளிம்பு, கதவுக் கோடு எல்லாம் பெயிண்டில் புதைந்துவிடும். தோசையின் மேல் மாவை இன்னொரு தடவை ஊற்றின மாதிரி. மருமகன் ஒரு ஏர்பிரஷ்ஷும், அதற்குக் காற்றடிக்க ஒரு சின்னக் கம்ப்ரஸரும் அனுப்பி வைத்தார். பேனா அளவில் ஒரு துப்பாக்கி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் ஒரு நீண்ட ஊசி. முனைத்துளை 0.3 மில்லிமீட்டர்.

இதை யார் கண்டுபிடித்தது என்று தேடினேன். கிடைத்த முதல் பெயரே என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்தைச் சேர்ந்த பிரான்சிஸ் ஸ்டான்லி. அவரும் அவருடைய இரட்டைச் சகோதரர் பிரீலனும் நம்மைப் போலவே ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் படித்தவர்கள். பிரான்சிஸ் சில காலம் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தினார். பிறகு புகைப்படத் தொழிலுக்குப் போனார். அந்நாளில் புகைப்படம் கறுப்பு வெள்ளைதானே, அதற்கு நிறம் ஏற்ற, காற்றால் வண்ணத்தைத் தூவும் கருவி ஒன்றுக்கு 1876-இல் காப்புரிமை வாங்கினார். அதோடு நிற்கவில்லை. பின்னாளில் சகோதரர்கள் இருவரும் நீராவியால் ஓடும் கார் செய்தார்கள். 1906-இல் அவர்களுடைய நீராவி வண்டி ஒன்று மணிக்கு 205 கிலோமீட்டர் வேகத்தில் ஓடி உலக சாதனை படைத்தது. நீராவிக்கும் இந்தக் கருவிக்கும் அப்போதே ஒரு சொந்தம்!

அடுத்தவர் அயோவா மாநிலத்தின் அப்னர் பீலர். 1879 வாக்கில் அவர் செய்த 'பெயிண்ட் விநியோகி'க்குத் தையல் மிஷின் பாகங்களும், வளைத்த கரண்டியும், பேனாக்கத்தியும்தான் மூலப்பொருள் என்று சொல்வார்கள். அதை வாங்கித் திருத்திச் சந்தைக்குக் கொண்டுவந்தவர் லிபர்டி வாக்கப். அவருடைய மனைவி பீபி வாக்கப், இந்தக் கருவியால் வரைவதைப் பாடமாகவே கற்பித்தார். 1890களில் சார்லஸ் பர்டிக், வண்ணமும் காற்றும் முனைக்கு உள்ளேயே கலக்கும் வடிவத்தைக் கொண்டுவந்தார். இன்று என் மேசையில் இருப்பது அவருடைய பேரப்பிள்ளை என்று சொல்லலாம்.

இதன் தத்துவம் நான் உங்களுக்கு நடத்திய பாடம்தான். மறந்திருப்பீர்கள்! டேனியல் பெர்னூலி 1738-இல் எழுதிய நூலிலிருந்து வருவது. குழாயின் வாய்க்கு மேலே காற்று வேகமாகப் பாய்ந்தால் அந்த இடத்தில் அழுத்தம் குறையும். கீழே இருக்கும் திரவம் மேலேறி வந்து காற்றில் சிதறிப் பொடிப்பொடியாகும். வீட்டில் கொசு மருந்து அடித்த கைப் பம்பும் இதே வேலையைத்தான் செய்தது.

அமெரிக்காவின் டொலிடோ நகரத்தில் ஆலன் டிவில்பிஸ் என்ற மருத்துவர், நோயாளிகளின் தொண்டையில் மருந்து தூவ 1880களின் கடைசியில் ஒரு கருவி செய்தார். அவருடைய மகன் தாமஸ் அதே வழியைப் பின்பற்றி 1907-இல் பெயிண்ட் அடிக்கும் ஸ்பிரே கன் செய்தார். நாமக்கல்லில் கட்டும் லாரிகளுக்கும், பெரம்பூரில் 1955 முதல் ரயில் பெட்டி கட்டும் ஐ.சி.எப்.புக்கும், நம் ஊர்ச் சாலையோரப் பட்டறைகளுக்கும் வண்ணம் அடிக்கும் கருவிகள் அந்த வம்சம்தான்.

இதையெல்லாம் படித்துவிட்டு வாத்தியார் தோரணையில் கருவியை எடுத்தேன். முதல் நாள் நன்றாக அடித்தது. சந்தோஷத்தில் அப்படியே வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். மறுநாள் அழுத்தினால் காற்று மட்டும் வந்தது. ஊசி உள்ளே ஒட்டிக்கொண்டுவிட்டது. இடுக்கியால் இழுத்ததில் நுனி வளைந்தது. அதன் பிறகு அது தூவவில்லை, துப்பியது.

பக்கத்து ஊரில் லாரிக்குப் பெயிண்ட் அடிக்கும் பட்டறை வைத்திருக்கும் ஒருவரிடம் போகச் சொன்னார்கள். போனேன். ஐம்பது வயதைத் தாண்டிய மனிதர். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். "டீச்சர், உட்காருங்க" என்றார். எனக்கு அடையாளம் தெரியவில்லை. பெயரைச் சொன்னார். தெரிந்தது.

அவர் கற்றுக்கொடுத்ததை முதலில் எழுதிவிடுகிறேன். கருவி வைத்திருக்கும் பிள்ளைகள் குறித்துக்கொள்ளுங்கள்.

பெயிண்ட் பால் பதத்துக்கு இருக்க வேண்டும். மாவு பதம் ஆகாது. காற்றழுத்தம் 15 முதல் 20 பிஎஸ்ஐ போதும். முதலில் செய்தித்தாளில் அடித்துப் பார்க்க வேண்டும். பொருளிலிருந்து நாலு விரற்கடை தள்ளிப் பிடித்து, கையை நகர்த்த ஆரம்பித்த பிறகே வண்ணத்தைத் திறக்க வேண்டும். கையை நிறுத்துவதற்கு முன்பே மூட வேண்டும். காற்று முதலில் வரும், கடைசியில் போகும். ஒரே பூச்சில் மூடப் பார்க்கக் கூடாது. மெல்லிய பூச்சு மூன்று. மூக்குக்கு மாஸ்க், அறைக்குத் திறந்த ஜன்னல்.

கழுவுவதுதான் பாதி வேலை. நிறம் மாற்றும்போதெல்லாம் மீதியைக் கொட்டிவிட்டு, தண்ணீர்ப் பெயிண்ட் என்றால் தண்ணீரும், எனாமல் என்றால் தின்னரும் ஊற்றி, நிறமில்லாமல் வரும் வரை அடிக்க வேண்டும். முனையைத் துணியால் மெல்ல அடைத்து அழுத்தினால் காற்று பின்னோக்கிப் போய்க் கிண்ணத்தில் குமிழி விடும். உள்ளே ஒட்டியது கிளம்பிவிடும். வேலை முடிந்ததும் பின்பக்கத் திருகைத் தளர்த்தி ஊசியை உருவி, அடியிலிருந்து நுனியை நோக்கி, சுழற்றிக்கொண்டே துடைக்க வேண்டும். நுனியில் எதிர்த்துத் துடைத்தால் ஊசியும் போச்சு, விரலும் போச்சு. முனைக் குமிழைக் கழற்றினால் வெள்ளைத் துணி விரித்துத்தான் கழற்ற வேண்டும். அரிசிக் குருணை அளவு, விழுந்தால் கிடைக்காது. முழுக் கருவியையும் தின்னரில் ஊறப்போடக் கூடாது, உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் ஊதிவிடும்.

"முடிச்ச கையோட கழுவிடணும் டீச்சர். ஈரமா இருந்தா தண்ணியே போதும். காஞ்சுட்டா சுரண்டணும். சுரண்டினா ஊசி போயிடும்" என்றார்.

இனி நான் சொல்ல வேண்டியது.

அவர் ஏழாம் வகுப்பில் என் மாணவர். அதிகாரி பார்வையிட வருகிறார் என்று பள்ளிச் சுவருக்குப் புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தோம். மறுநாள் காலை அந்த வெள்ளைச் சுவரில் நீல மை. பழைய நோட்டு அட்டையில் ரயில் எஞ்சின் வடிவத்தை வெட்டிச் சுவரில் வைத்து, இரண்டு காலி ரீபிள் குழாய்களை ஒன்றுக்கொன்று குறுக்காகப் பிடித்து, ஒன்றை மைப்புட்டியில் விட்டு இன்னொன்றை வாயால் ஊதியிருந்தான் அந்தப் பையன். சுற்றிலும் நீலம் பனி மாதிரி படர, நடுவில் வெள்ளையாக எஞ்சின் நின்றது.

ஸ்டான்லியும் பீலரும் செய்ததைத்தான் பன்னிரண்டு வயதில் தானாகக் கண்டுபிடித்திருந்தான். நான் பிரம்பை எடுத்தேன். சுவருக்கு ஆன செலவை அப்பாவிடம் வாங்கிக்கொண்டு வா என்று அனுப்பினேன். அப்பா கூலி வேலை செய்பவர். பையன் திரும்பி வரவே இல்லை. சில வாரங்கள் பார்த்துவிட்டு, பதிவேட்டில் அவன் பெயர் மேல் சிவப்பு மையில் கோடு போட்டு 'நீக்கம்' என்று எழுதினேன். வீடு தேடிப் போகவில்லை. பெர்னூலி பாடத்தை அதற்குப் பிறகும் எத்தனையோ வருடம் நடத்தினேன்.

ஏர்பிரஷ் வரலாற்றில் ஒரு இருண்ட பக்கமும் உண்டு. சோவியத் ரஷ்யாவில் ஸ்டாலினுக்குப் பக்கத்தில் நடந்து வந்த யெஷோவ் என்ற அதிகாரி 1940-இல் சுட்டுக் கொல்லப்பட்டார். பிறகு அந்தப் படத்திலிருந்து அவரை அழித்துவிட்டார்கள். அவர் நின்ற இடத்தில் கால்வாய்த் தண்ணீர் மட்டும் தெரியும். புகைப்படத்துக்கு நிறம் கொடுக்கப் பிறந்த கருவியின் குடும்பமே, இருந்த மனிதரை இல்லாமல் ஆக்கவும் பயன்பட்டது. இதைப் படித்தபோது அந்தச் சிவப்புக் கோடு என் கண் முன்னால் வந்தது. எனக்குக் கருவிகூடத் தேவைப்படவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். புது ஊசி போட்டு, பேரனுக்குச் சொல்லிக்கொடுத்து, பெட்டிக்குச் செங்காவி அடித்துக்கொடுத்தார். ஆணித்தலைகள் எல்லாம் தெரிகின்றன. காசு வாங்க மாட்டேன் என்றார். அப்போதுதான் கேட்டேன், "அந்தச் சுவத்து எஞ்சின் ஞாபகம் இருக்காப்பா? நான் அன்னிக்குப் பண்ணது தப்பு. உன் வீட்டுக்கு வந்து உன்ன கூட்டிட்டு வந்திருக்கணும்."

கொஞ்ச நேரம் ஊசியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "எஞ்சினும் ரெண்டு பெட்டியும் டீச்சர். பெட்டி அடிக்கறதுக்குள்ள நீங்க வந்துட்டீங்க" என்றார்.

பேரன் சிரித்தான். என்னால் முடியவில்லை.

அவர் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். பெயர் வேண்டாம் என்றார். உங்களில் ஆசிரியராக இருப்பவர்கள் ஒன்று செய்யுங்கள். உங்கள் பதிவேட்டில் சிவப்புக் கோடு விழுந்த பெயர் இருந்தால், மை காய்வதற்கு முன்னால் ஒரு நடை அந்த வீட்டுக்குப் போய்ப் பாருங்கள்.

இரண்டாவது பெட்டி அடுத்த ஞாயிறு. வர முடிந்தவர்கள் வாருங்கள், காபி உண்டு.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
மணலூர்பேட்டை.